ஈயம் கடிபட்ட ஞாயிறுகள்

பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காரும் வயதுக்கு வந்துவிட்ட என் சகாக்களே, உங்களுக்குச் சோற்றில் கல் கடிபட்டிருக்கும். ரேஷன் அரிசிக் காலத்தில் அதற்குத் தப்பியவர்கள் யார்? ஆனால் ஈயம் கடிபட்டிருக்கிறதா? கவுதாரிக் கறியை மென்றுகொண்டிருக்கும்போது பல்லில் ஒன்று மாட்டும். கல்லைப் போலக் கூசாது, கொஞ்சம் இணங்கிக் கொடுக்கும். நாக்கால் தள்ளி எனாமல் தட்டில் துப்பினால் ‘டிங்’ என்று ஒரு சத்தம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயில் மணிக்கு அடுத்தபடி அந்தச் சத்தம்தான்.

என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால், “ஈயமா? விஷமாச்சே!” என்கிறார்கள். விஷம்தான். எங்கள் வீட்டில் ஆளைக் கொன்றது அது இல்லை, அவ்வளவுதான்.

காக்ஸ் டவுனில் எங்கள் வீடு. அப்பா தண்டு பக்கம், அதாவது பட்டாளத்துக் கண்டோன்மெண்டில், ஓர் ஆபீசில் குமாஸ்தா. அவருடைய துரை வேலை முடிந்து கப்பல் ஏறியபோது, மற்ற குமாஸ்தாக்களுக்குக் கடிகாரமும் கண்ணாடி அலமாரியும் கிடைத்தன. அப்பாவுக்கு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி, அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான், ஒரு டிரங்குப் பெட்டி நிறையச் சுட்டுப்போட்ட காலித் தோட்டா. லைசென்ஸ் புத்தகத்தை அப்பா பைபிளுக்குள் கல்யாணச் சான்றிதழோடு வைத்திருந்தார். மூன்றும் ஒரே அளவு புனிதம் என்று அவர் நினைப்பு. தெருவில் எங்களைத் ‘துப்பாக்கி வீட்டுக்காரங்க’ என்பார்கள். அது எனக்குப் பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

அப்பா விதிகளின் மனிதர். துப்பாக்கி விஷயத்தில் அவர் சொன்னதெல்லாம் இப்போதும் சரிதான். உங்கள் வீட்டுப் பரணில் பழையது ஏதாவது கிடந்தால் நீங்களும் கேட்டுக்கொள்ளலாம். காலித் துப்பாக்கி என்று உலகத்தில் எதுவும் கிடையாது. சுடப்போவதைத் தவிர வேறு எதற்கு நேரேயும் குழலைத் திருப்பக்கூடாது, அது பூனையாக இருந்தாலும். வேலி தாண்டும்போது திறந்து தோட்டாவை எடுத்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: சுட்ட சத்தம் வழக்கம்போல இல்லையென்றால், இருமியது மாதிரியோ தும்மியது மாதிரியோ இருந்தால், அடுத்த தோட்டாவைத் தொடவே கூடாது. துப்பாக்கியை மடக்கித் திறந்து, குழலை மேலே தூக்கி உள்ளே பார்க்க வேண்டும். வானம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் தோட்டாவின் தக்கை குழலுக்குள் சிக்கியிருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் வெடித்துக் கையும் போகும், கண்ணும் போகும்.

“வானம் தெரிஞ்சுதான்னு பாத்தியா?” என்பது எங்கள் வீட்டில் பேச்சு வழக்காகிவிட்டது. பால் பானையைக் கழுவினாலும் அத்தை அப்படித்தான் கேட்பாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிச் சீக்கிரமே விதவையாகி எங்களோடு இருந்தவள். சமையலறை அவள் ராஜ்யம்.

சுடுவதில் அப்பா கெட்டிக்காரர். தோட்டா அடைப்பதில் சுத்த மோசம். அவருக்குப் பொறுமை இல்லை. வெடிமருந்து சிந்தும், தக்கை கோணும். எங்கள் வீட்டில் தோட்டா அடைத்தது அம்மா. மற்ற வீடுகளில் அம்மாக்கள் அப்பளம் இட்டார்கள், குரோஷா பின்னினார்கள். என் அம்மா சனிக்கிழமை மத்தியானம் மேஜையில் பழைய பேப்பரை விரித்து, சுட்டுக்கொண்டு வந்த காலித் தோட்டாக்களை வரிசையாக நிற்க வைப்பாள். முதலில் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்வாள். வெடித்த தோட்டாவில் அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். அந்த நாற்றத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, தலையை ஆட்டிக்கொள்வாள். பிறகு அடியில், தட்டினால் பொறி பறக்கிற சின்ன உலோகத் தொப்பி புதிதாக ஒன்று, பித்தளைக் கரண்டியால் கறுப்பு மருந்து, துரையின் பழைய தொப்பிகளிலிருந்து வெட்டிய கம்பளித் தக்கை, அதன் மேல் ஈய ரவை. ரவை என்றதும் உப்புமாவை நினைக்காதீர்கள், கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஈயக் குண்டுகள். கடைசியாகக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் வட்டமாக வெட்டிய மூடி. மேஜை விளிம்பில் திருகி வைத்த கைச்சக்கரத்தைச் சுற்றினால் தோட்டாவின் காகித வாய் உள்பக்கமாக மடிந்துகொள்ளும். அட்டையின் மேல் அம்மா பென்சிலால் ரவையின் நம்பரை எழுதுவாள். கவுதாரிக்கு ஒரு நம்பர், முயலுக்கு ஒரு நம்பர். அவள் எழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்ததும் அப்பாவும் மாமாவும் சைக்கிளில் பாணசவாடி ஏரிப் பக்கம் போவார்கள். மாமா, அம்மாவின் தம்பி. மர்பி டவுனில் இருந்தார். வேலை ஓரிடத்தில் நிலைக்காது, ஆனால் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் மட்டும் நிலைத்த மனிதர். மத்தியானம் அத்தை கறியை இறக்குவாள். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுவோம். ‘டிங்.’ ‘டிங்.’ யார் தட்டில் அதிகம் விழுகிறதென்று போட்டி. சாப்பாடு முடிந்ததும் அம்மா எல்லார் தட்டிலிருந்தும் ஈயத்தைப் பொறுக்கி, கழுவித் துடைத்து, ஒரு வட்டச் சிகரெட் டின்னில் போட்டு வைப்பாள். நசுங்காததெல்லாம் திரும்பத் தோட்டாவுக்குள் போகும். அந்த டின்னை நான் எங்கெல்லாமோ தேடிவிட்டேன். வீடு மாறியதில் தொலைந்தே போய்விட்டது.

உலகச் சண்டை வந்தது. கடையில் புதுத் தோட்டா கிடைக்காமல் போயிற்று. மருந்து மட்டும் எப்போதாவது, அதுவும் கெஞ்சினால். ஊரெல்லாம் பட்டாளம். அதே வருடம் அம்மாவுக்கு இருமல். முதலில் மிளகுக் கஷாயம், பிறகு ஒரு டாக்டர், பிறகு இன்னொரு டாக்டர். ஒரு நாள் அவள் கைக்குட்டையை அத்தை தனியாக எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் கொளுத்தினாள். அது என்ன நோய் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பேரைச் சொன்னாலே தொற்றிக்கொள்ளும் என்று பயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, “நல்ல காத்து, நல்ல சாப்பாடு” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. எதுவும் செய்ய முடியாது என்பதை அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். பக்கத்து வீட்டு டீச்சரம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, “கவுதாரி சூப்பு குடுங்க, நெஞ்சுக்கு அதுமாதிரி எதுவும் இல்ல. எங்க சித்தப்பா எழுந்து நடந்தாரு” என்றாள். அவ்வளவு போதும். அப்பாவுக்குப் பிடிக்க ஒரு கொம்பு கிடைத்துவிட்டது. நோயைச் சுட முடியாது, கவுதாரியைச் சுடலாமே.

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் தோட்டா தீர்ந்துபோயிருந்தது. அப்பாவே உட்கார்ந்து கொஞ்சம் அடைத்தார். நடுநடுவே எழுந்து ஆஸ்பத்திரிக்கு ஓடுவார், வருவார், விட்ட இடத்தில் தொடங்குவார். நம்பர் கிம்பர் எதுவும் எழுதவில்லை. அத்தை பார்த்துவிட்டு, “மொட்டையா இருக்கே” என்றாள். “சுடறதுக்குத்தானே, பிரேம் போட்டு மாட்டவா?” என்றார் அப்பா.

அம்மா வீட்டுக்கு வந்தாள். முன்னறையை அவளுக்கு ஒதுக்கினார்கள். அவளுக்குத் தனித் தட்டு, தனிக் கிண்ணம், தனி டம்ளர், எல்லாம் நீல விளிம்பு வைத்த எனாமல். நாங்கள் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அவள் சமைக்கக் கூடாது, தண்ணீர் தூக்கக் கூடாது, எங்களுக்குத் தலை பின்னக் கூடாது. நான் தினமும் அந்தப் படியில் நின்று அவள் தலையைத் தூர இருந்து பார்ப்பேன். அவள் என் தலையைப் பார்த்து, “அத்தை கோணலா வகிடு எடுத்திருக்காங்க” என்பாள். அவளுக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரிந்து யாருக்கு லாபம்?

ஒரு சனிக்கிழமை அவள் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, அந்த மேஜையை எடுத்துகினு வந்து இங்க போடுங்க.”

“எதுக்கு?”

“தோட்டா அடைக்கத்தான். வேற எதுக்கு?”

“வேணாம்மா. டாக்டர் ரெஸ்ட்டுன்னு சொல்லியிருக்காரு.”

“ரெஸ்ட்டு எடுத்து எடுத்து முதுகு புண்ணாகுது. எல்லாத்தையும் என் கையிலேருந்து பிடுங்கிட்டீங்க. இதையாவது வுடுங்க.”

அப்பா மேஜையைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் பக்கம் போட்டார். அன்று மத்தியானம் நான் படியில் நின்று பார்த்தேன். அம்மாவின் கை நடுங்கியது உண்மை. ஆனால் பித்தளைக் கரண்டியை எடுத்ததும் அவள் முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு வாங்க நிறுத்தினாள். அரை மணியில் முடிகிற வேலை மாலைவரை இழுத்தது. அட்டையில் எழுதிய நம்பர் மட்டும் அச்சடித்தது போலவே இருந்தது.

அதற்கு அடுத்த நாள் நடந்ததை மாமா சமையலறையில் அத்தையிடம் சொல்லும்போது கேட்டேன். தோட்டாப் பையில் அம்மா அடைத்ததும் அப்பா அடைத்ததும் கலந்து கிடந்திருக்கின்றன. ஏரிக்கரையில் ஒரு கவுதாரி கிளம்பியது. அப்பா சுட்டார். வெடிக்கவில்லை, ‘புஸ்’ என்று ஒரு இருமல். கவுதாரி பறந்துகொண்டே இருந்தது. ஆசையில் அப்பாவின் கை, காலியை எடுத்துவிட்டு அதே குழலில் அடுத்த தோட்டாவைப் போடப் போய்விட்டது. மாமா கத்தி, கையைத் தட்டிவிட்டார். தூக்கிப் பார்த்தால் குழலில் வானம் தெரியவில்லை.

“தோட்டாவுக்குள்ள மருந்தே இல்ல அக்கா. வெறும் தொப்பி மட்டும் வெடிச்சிருக்கு. கம்பியை வுட்டுக் குத்தி எல்லாத்தையும் தண்ணில தள்ளினோம். எங்க அக்கா கை நடுங்குது இல்ல, போட மறந்துட்டா பாவம். இன்னிக்கு மச்சான் கண்ணு போயிருக்கும்.”

குத்தித் தள்ளியதில் அந்த அட்டையும் இருந்திருக்கும். அதில் பென்சில் எழுத்து இருந்ததா, மொட்டையா என்று யாரும் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? ஒருத்தி நோயாளி, ஒருவர் ஆரோக்கியமான மனிதர். தப்பு யாருடையது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

அப்பா தன்னுடைய மொட்டைத் தோட்டாக்களில் மிஞ்சியதைப் பொறுக்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி மேல் வைத்தார். காட்டுப்பன்றி அது இது என்று அவசரம் வந்தால், நம்பிச் சுட அது இருக்கட்டும் என்றார். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சைக்கிளில் வருவேன் என்று அடம்பிடித்தேன். அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி என்றார்கள். சைக்கிள் பாணசவாடிக்குப் போகவில்லை, நேரே மார்க்கெட்டுக்குப் போனது. வாசலில் கண்ணி வைத்துப் பிடிக்கிற ஒருவர் மூங்கில் கூடையில் உயிரோடு கவுதாரி விற்றுக்கொண்டிருந்தார். அப்பா இரண்டு வாங்கினார். பேரம்கூடப் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் ஏரி.

கரையில் உட்கார்ந்து மாமா பறவைகளை அறுத்து இறகு பிடுங்கினார். அப்பா தோட்டாப் பையைத் திறந்து அம்மா அடைத்த தோட்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்தார். பேனாக் கத்தியால் அட்டையை நெம்பி, ரவையை ஒரு துணிப் பையில் கொட்டினார். தக்கையை எடுத்து, மருந்தை ஒரு சீசாவில் கொட்டினார். பிறகு வெறும் தொப்பி மட்டும் இருக்கிற காலியைத் துப்பாக்கியில் போட்டு, ‘டப்’ என்று சுட்டார். பொம்மைத் துப்பாக்கி மாதிரி சத்தம்.

“ஏம்பா எல்லாத்தையும் கொட்டுறீங்க?”

“இது சரியில்ல பாப்பா. அம்மாவுக்கு ஒடம்பு முடியல இல்ல, அதான். அம்மாகிட்ட சொல்லக்கூடாது. சொன்னா மனசு ஒடைஞ்சிடும்.”

எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது: கவிழ்த்த ஒவ்வொரு தோட்டாவிலிருந்தும் கறுப்பு மருந்து சரசரவென்று விழுந்தது. ஒன்றுகூட வெறுமையாக இல்லை. அந்த இரண்டு பெரிய மனிதர்களும் அதைப் பார்த்துக்கொண்டேதான் கொட்டினார்கள். கொட்டுவதிலேயே குறியாக இருந்ததில் அது அவர்கள் மண்டையில் ஏறவில்லை.

பக்கத்து ராகி வயலுக்குச் சொந்தக்காரர் கரை மேல் வந்து நின்றார். “ஏன் ஸ்வாமி, ஈக சத்தானே இல்லா?” என்றார். இப்போதெல்லாம் வெடிச் சத்தமே இல்லையே என்று கேள்வி. “ஹக்கி இல்லப்பா” என்றார் அப்பா, பறவையே இல்லை என்று. அவர் வாயை மூடுவதற்குள் வேலிக்குப் பின்னால் கவுதாரி கத்தத் தொடங்கியது. ஒன்றில்லை, நாலா பக்கமும். ராகிக்காரர் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். “ரெண்டு கெடைச்சுது! உன் தோட்டா ஒன்னுகூட ஏமாத்தல!” உரித்து மஞ்சள் தடவிய பறவைகள் நேரே அத்தையிடம் போயின. முன்பெல்லாம் இறகோடு வரும், அம்மாவே பிடுங்குவாள். “ரூமுல இறகு பறந்தா உனக்கு இருமல் வரும்” என்று அதற்கு ஒரு காரணம் தயாராக இருந்தது. அத்தை பறவையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலமெல்லாம் கோழி அறுத்தவள், கழுத்து அறுபட்டதா குண்டடிபட்டதா என்று தெரியாதா? மிளகை இடிக்கத் தொடங்கினாள்.

அம்மா காலித் தோட்டாக்களை மேஜையில் நிறுத்தி, வழக்கம்போல முதலாவதை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு இரண்டாவதை. மூன்றாவதை வெகுநேரம் வைத்திருந்தாள். அழுகின முட்டை நாற்றம் இருந்திருக்காது. அவள் தலையை ஆட்டவில்லை. துணியால் துடைத்து மறுபடி வரிசையில் வைத்தாள்.

அத்தை சூப்பைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அப்பா முன்னறைக்கு வெளியே சுவரில் சாய்ந்து பேப்பர் படிப்பதுபோல உட்கார்ந்திருந்தார். நான் படியில் நின்றேன். அம்மா இரண்டு மடக்குக் குடித்தாள். கறித்துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றாள், எதையோ தேடுகிறவள் மாதிரி. அடுத்த துண்டு. அடுத்தது. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்புறம் கையை நீட்டிச் சிகரெட் டின்னைத் திறந்து ஓர் ஈய ரவையை எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள். கிண்ணத்தின் மேல் குனிந்து துப்பினாள்.

‘டிங்.’

நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தாள்.

“ஏம்மா?” என்று சத்தமில்லாமல் கேட்டேன்.

“அப்பாவுக்குக் கேக்கணும்ல, கண்ணு,” என்றாள் மெல்ல. மறுபடி ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். ‘டிங்.’

நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். பேப்பர் அப்படியே இருந்தது, கண் அதில் இல்லை. கண்ணி வைத்துப் பிடித்த பறவை. தன் கையால் வாங்கிய பறவை. அதில் ஈயம் எப்படி வரும்? அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. எழுந்து உள்ளே போவார் என்று நினைத்தேன். போயிருக்கலாம். போயிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருப்பார்கள், அதோடு போயிருக்கும். அவர் ஒரு பக்கத்தைத் திருப்பினார்.

அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அப்படியே போயிற்று. சனிக்கிழமை அம்மா தோட்டா அடைப்பாள். ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கொட்டுவார். அம்மா தூங்கும்போது மருந்தைத் திரும்ப மருந்து டின்னிலும் ரவையைத் திரும்ப ரவைப் பையிலும் போட்டு வைப்பார். சண்டைக் காலம், வீணாக்க முடியுமா? அதே மருந்து, அதே ஈயம், வாரா வாரம் உள்ளே போய் வெளியே வந்தது. மருந்து டின் குறையவே இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும். ஆனாலும் அடைத்தாள், நம்பர் எழுதினாள். மத்தியானம் கிண்ணத்தில் ‘டிங்’ என்று சத்தம் வரும். அப்பா வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். ஒருவருக்குத் தெரியும் என்று மற்றவருக்கும் தெரியும். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர்கள் பேசிக்கொண்டதிலேயே பெரிய பேச்சு அதுதானோ என்று சில சமயம் எனக்குத் தோன்றும். அழுகையாக வரும்.

சூப்பு ஒன்றும் செய்யவில்லை. செய்யாது. மழை நின்று பனி தொடங்கியபோது அம்மாவால் மேஜை வரைக்கும் வர முடியவில்லை. மேஜையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். கடைசி முறை அடைத்தபோது கைச்சக்கரத்தைச் சுற்ற இரண்டு கையும் தேவைப்பட்டது. அந்தத் தோட்டாக்களை அப்பா எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டுப் போனார். அம்மா அடுத்த பூசைக்கு இல்லை.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்து, அப்பா பல நாள் துப்பாக்கிப் பக்கமே போகவில்லை. அம்மாவுக்கு நாற்பதாம் நாள் கும்பிட்டு முடிந்த பிறகு, துப்பாக்கியை விற்றுவிடப் போவதாகச் சொன்னார். கடைக்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொள்வதாகவும், வீட்டில் அடைத்த தோட்டாவைத் தொட மாட்டேன் என்றும் சொல்லியிருந்தார்.

“கொட்டிடலாமே மச்சான், எப்பவும் போல,” என்றார் மாமா.

“அவ கடைசியா மூடினது. இதைத் தொறக்க எனக்கு மனசு வரல. சுட்டே தீத்துடறேன்.”

“வெளையாடறீங்களா? அக்கா அப்ப இருந்த நெலமைக்கு, உள்ள என்னா போட்டாளோ!”

“அதுக்கு வழியிருக்கு.”

வழி இதுதான். சந்தேகமான தோட்டா என்றால் துப்பாக்கியைக் கையில் பிடிக்கக் கூடாது. ஏரிக்கரை மரத்தின் கவட்டையில் அப்பா துப்பாக்கியைக் கயிறால் இறுக்கிக் கட்டினார், குழல் தண்ணீரைப் பார்த்தபடி. விசையில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டி, கரைக்குப் பின்னால் எங்களை உட்கார வைத்து, அங்கிருந்து இழுத்தார்.

‘டமார்!’ தண்ணீரில் ஈயம் வட்டமாகப் பொழிந்தது. அப்பா போய்த் திறந்து குழலைப் பார்த்தார். வானம் தெரிந்தது. அடுத்ததைப் போட்டார். ‘டமார்!’ வானம் தெரிந்தது. ஒன்று விடாமல் அம்மாவின் தோட்டா எல்லாம் வெடித்தது. இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றி அவள் மூடிய அந்தக் கடைசித் தோட்டாக்கள். வெள்ளைப் புகை தண்ணீர் மேல் படுத்துக் கிடந்தது. ராகிக்காரர் தூரத்தில் எழுந்து நின்று கைதட்டினார். பாவம், அவருக்கு எதுவும் தெரியாது.

அப்பா காலித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக முகர்ந்தார். அம்மாவைப் போலவே தலையை ஆட்டிக்கொண்டார்.

பிஸ்கட் டப்பா மட்டும் மிச்சம் இருந்தது. அதற்குக் கயிறு தேவையில்லை என்று அப்பா துப்பாக்கியை அவிழ்த்தார். “இது நான் போட்டது,” என்றார். இரண்டு மொட்டைத் தோட்டாக்களை இரண்டு குழலிலும் போட்டு, தோளில் வைத்து, தண்ணீரைப் பார்த்து விசையை அழுத்தினார்.

‘புஸ்.’

“மச்சான்! தொறங்க! தொறங்க!” என்று மாமா அலறினார்.

அப்பா மடக்கித் திறந்தார். தோட்டாக்களை எடுத்துக் கீழே போட்டார். குழலை மேலே தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மாமா பக்கத்தில் போய்த் தானும் ஒரு முறை பார்த்துவிட்டு, தலையில் கையை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் இறக்கவில்லை. பளிச்சென்ற காலை வெயில், மேகமே இல்லை. அந்தக் குழலில் மட்டும் வானம் இல்லை.

“அன்னைக்கும் இதுதான்,” என்றார் கடைசியில். “எம்மேல எனக்கு ஒரு சந்தேகமும் வரல பாருடா.”

சைக்கிளில் முன்கம்பியில் என்னை உட்கார வைத்துக்கொண்டு அவர் வீடுவரைக்கும் மிதித்தார். என் உச்சந்தலையில் ஈரம் சொட்டிக்கொண்டே வந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

துப்பாக்கி போய்விட்டது. அத்தை போனாள், மாமா போனார், காக்ஸ் டவுன் வீடும் போயிற்று. அப்பா அதற்குப் பிறகும் ரொம்ப காலம் இருந்தார். என் வீட்டில், என் சமையலில். அவர் விழுங்குவதற்குள் எங்கள் சாப்பாடு ஆறிப்போகும். கடையில் வாங்கிய ஆட்டுக்கறிதான், ஆனாலும் ஒவ்வொரு துண்டையும் வாயில் வைத்து அப்படி மெல்லுவார், பல்லெல்லாம் போன பிறகும், ஈறால், மெதுவாக, எதையோ தேடுகிறவர் மாதிரி. தட்டு என்னவோ அதே நீல விளிம்பு எனாமல் தட்டுதான். வேண்டும் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். நானும் எதிரில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன். ஒரு நாளும் அதில் எதுவும் விழவில்லை.